அப்பாவோட ஆதாருக்கு உங்க போன் நம்பர் கொடுத்திருக்கீங்களா?



நிறைய வீடுகள்ல ஒரு பழக்கம் இருக்கு. அப்பாவோட ஆதார், அம்மாவோட பேங்க் கணக்கு, ரெண்டு பேரோட பான் கார்டு, எல்லாத்துக்கும் மகன் அல்லது மகளோட போன் நம்பர்தான். "அவங்களுக்கு என்ன தெரியும், ஓடிபி வந்தா நான் பார்த்துக்கறேன்" அப்படின்னு சொல்லுவோம். பாசத்துல செய்யறதுதான். ஆனா என் கருத்து வேற. அவங்க பணத்தோட சாவியை அவங்க கையிலிருந்து வாங்கி நம்ம பாக்கெட்ல போட்டுக்கறோம்.

முன்னாடி பேங்க் மேனேஜருக்கு அப்பாவோட முகம் தெரியும், கையெழுத்து தெரியும். இன்னைக்கு ஆன்லைன்ல நீங்க யாருன்னு முடிவு பண்றது பெரும்பாலும் ஓடிபிதான். நம்பர் யார்கிட்ட இருக்கோ, கம்ப்யூட்டருக்கு அவங்கதான் கணக்குக்காரர்.

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் பண்ணிட்டா வேலை முடியல. 30 நாளுக்குள்ள வெரிஃபை பண்ணணும். பலரும் அதை ஆதார் ஓடிபி மூலமாத்தான் செய்யறாங்க. பி.எஃப் பணத்தை ஆன்லைன்ல கேட்கறதுக்கும் ஆதாரோட இணைச்ச நம்பர் வேணும். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி செலவுக்காக எஃப்.டியை உடைக்கணும்னு வைங்க. அந்த நேரம் மகன் விமானத்துல இருந்தா? அப்பா சொந்தப் பணத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கணும்.

இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. மகன் துபாய் போயிட்டார், இங்க இருந்த சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணல. 90 நாள் பயன்படுத்தாம விட்டா அந்த நம்பரை கம்பெனி முடக்கலாம். கொஞ்ச நாள் கழிச்சு அது வேற ஒருத்தருக்குப் போயிடும். அப்புறம் அப்பாவோட ஓடிபி, முன்பின் தெரியாத ஆள் போனுக்குப் போகும்.

"அப்பாகிட்ட போன் கொடுத்தா யாராவது ஏமாத்தி ஓடிபி வாங்கிடுவாங்களே?" நியாயமான பயம்தான். ஆனா அதுக்காக சாவியையே பிடுங்கறது தீர்வு இல்ல. ஒரு சாதாரண பட்டன் போன், அவர் பேர்லயே ஒரு சிம், கணக்குல குறைஞ்ச டிரான்சாக்ஷன் லிமிட், இது போதும். நீங்க உதவணும்னா ஜாயின்ட் அக்கவுன்ட்ல சேருங்க. அதுதான் சட்டப்படி சரியான வழி. நாளைக்கு அவர் காலத்துக்கு அப்புறம் கூடப்பிறந்தவங்க கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல முடியும்.

சரி, இப்போ என்ன செய்யணும்?

முதல்ல, எந்த நம்பர் ஆதார்ல இருக்குன்னு மைஆதார் இணையதளத்துல சரிபாருங்க. பழைய நம்பரா இருந்தா மாத்துங்க. ஆதார், பேங்க், பி.எஃப், மியூச்சுவல் ஃபண்ட்னு எல்லா இடத்துலயும் மாத்தி முடிக்கற வரைக்கும் பழைய சிம்மை உயிரோட வைங்க. பல இடத்துல பழைய நம்பருக்கும் ஓடிபி கேட்பாங்க.

ரெண்டாவது, கைரேகை. வயசானவங்களுக்கும், வயல்லயும் கட்டட வேலையிலயும் கை தேஞ்சவங்களுக்கும் ரேகை விழாது. அது அவங்க குத்தம் இல்ல. "ரேகை விழல, போயிட்டு நாளைக்கு வாங்க"ன்னு சொன்னா, கண் கருவிழி, முகம், ஓடிபி வழிகள் இருக்கான்னு கேளுங்க. பென்ஷன்காரங்க வாழ்வுச் சான்றிதழை 2021லிருந்து முகத்தைக் காட்டியே போன்ல கொடுக்கலாம்.

மூணாவது, ஏன் ஃபெயில் ஆச்சுன்னு கண்டுபிடிங்க. ஆதாரை எங்கெல்லாம் பயன்படுத்தினாங்கன்னு கடைசி 6 மாசத்து ஹிஸ்டரி அதே தளத்துல கிடைக்கும். ஃபெயில் ஆனதுக்குப் பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும். 300 இருந்தா ரேகை பொருந்தல. 330 இருந்தா பயோமெட்ரிக்கை லாக் பண்ணி வச்சிருக்கீங்க, தற்காலிகமா திறந்துட்டு முயற்சி பண்ணுங்க. 400 இருந்தா ஓடிபி தப்பு. நீங்க செய்யாத பதிவு ஏதாவது இருந்தா உடனே பயோமெட்ரிக்கை லாக் பண்ணுங்க. பணமே போயிருந்தா 1930க்கு போன் பண்ணுங்க, பேங்குக்கும் சொல்லுங்க.

வண்டியை வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் விடறோம். இதுக்கும் வருஷத்துல ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. ஒண்ணும் அவசரம் இல்லாத நாள்ல செய்யுங்க. இந்த ஞாயித்துக்கிழமை அப்பா அம்மா பக்கத்துல உட்கார்ந்து, ஓடிபியை அவங்களையே படிக்கச் சொல்லி, நம்பரை அவங்க பேருக்கு மாத்துற வேலையை ஆரம்பிங்க. அவங்க சம்பாதிச்ச பணத்துக்கு அவங்க யார்கிட்டயும் கேட்டு நிக்கக் கூடாது.