மெதுவா அடிக்கிறவனும் ஆட்டக்காரன்தான்

2025 ஜூன் 8, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள். கூட்டாளி ஒருத்தன்ட வீட்டில் லெப்டொப்பைச் சுற்றிக் குந்திக்கொண்டு பிரெஞ்ச் ஓப்பன் இறுதிப் போட்டி பார்த்தோம். அல்காராஸும் சின்னரும் 5 மணித்தியாலம் 29 நிமிடம் ஆடினார்கள். முடியும்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது. எங்களில் ஒருவர்கூட டெனிஸ் மட்டையைத் தொட்டதில்லை. எங்களுக்கு டெனிஸ் பந்து என்றால் சொப்ட்போல் கிரிக்கெட் பந்துதான். ஆனாலும் சண்டைக்குக் குறைச்சலில்லை.

"சின்னர்ட அடியப் பாருடா!" என்று பாதிப் பேர். "அடி ஆருக்கும் வரும், அல்காராஸ்ட ட்ரொப் ஷொட் வருமா?" என்று மீதிப் பேர். பந்தை வலைக்கு அந்தப் பக்கம் மெல்ல விழுத்துவதை ஒருத்தன் "ஏமாத்து வேலை" என்றான். அந்தச் சொல்தான் எங்களை இதை எழுத வைத்தது.

இந்த இரண்டு வகை ஆட்டமும் எங்களுக்குப் பக்கத்திலேயே, ஒரே ஊரிலிருந்து வந்திருக்கிறது. சென்னையின் விஜய் அமிர்தராஜ் ஆறடி தாண்டிய ஆள். பெரிய சேர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடிவந்து வொலி அடிப்பார். 1973, 1981 இரண்டு வருடமும் விம்பிள்டன் காலிறுதி. 1984இல் மெக்கென்ரோ வருடம் முழுக்கத் தோற்றதே மூன்று போட்டிகளில்தான். அதில் ஒன்று விஜயிடம். ஜேம்ஸ் பொண்ட் படத்திலும் நடித்தவர். ரசிகனுக்கு வேறென்ன வேணும்?

அதே சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் நேரெதிர். உயரம் குறைவு, சேர்வில் வேகமில்லை. எதிராளியின் வேகத்தையே எடுத்து, அவன் நிற்காத இடத்தில் பந்தை வைப்பார். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி ஆடிய வாப்பா ராமநாதன் கிருஷ்ணனும் அதே வகைதான். ரமேஷும் 1986இல் விம்பிள்டன் காலிறுதிக்குப் போனார். 1989 அவுஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதலாம் இடத்திலிருந்த விலாண்டரை நேர் செட்களில் வீட்டுக்கு அனுப்பினார்.

1987 டேவிஸ் கிண்ணத்தில் இருவரும் ஒரே அணி. ஆர்ஜென்டினாவுக்கு எதிராக, இரண்டு செட் பின்னால் நின்ற விஜய் ஹைட்டேயை மடக்கினார். சிட்னி புல்தரையில் அவுஸ்திரேலியாவோடு அரையிறுதி 2-2 என்று வந்தபோது, கடைசி ஆட்டத்தில் மசூரை வென்றது "மெதுவாக அடிக்கிற" ரமேஷ். இறுதிப் போட்டியில் சுவீடனிடம் 5-0 என்று தோற்றார்கள்தான். ஆனால் ஒருத்தர் மட்டும் இருந்திருந்தால் அங்கே போயிருக்கவே முடியாது.

"அது அந்தக் காலம் மச்சான், இப்ப அந்த சேர்வை அடிச்சிக் கிழிச்சிருவானுகள்" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். மட்டையும் நரம்பும் மாறிவிட்டன. ஆனால் இதையும் பாருங்கள்: அடி பலமாகப் பலமாக, ஆட்டக்காரர்கள் கோட்டுக்குப் பின்னால் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். அதனால் வலைக்குப் பக்கத்தில் வெறும் இடம் கூடுகிறது. அல்காராஸ் அந்த இடத்தைத்தான் எடுக்கிறார். இது ஏமாத்து வேலை இல்லை. இடம் பார்க்கத் தெரிந்த கண். அன்றைக்கு மூன்று சம்பியன்ஷிப் புள்ளிகளைக் காப்பாற்றி வென்றவரும் அவர்தான்.

எங்கட ஊர் மைதானத்துக்கு வாருங்கள். ஆறு ஓவர் சொப்ட்போல் டோர்னமெண்டில் சிக்ஸர் அடிக்கிறவனுக்குத்தான் விசில். இடைவெளி பார்த்துத் தட்டிவிட்டு இரண்டு ஓட்டம் எடுக்கிற மெலிந்த பொடியனை "அடிடா, இல்லாட்டி அவுட்டாகி வா" என்று கத்துகிறோம். நாங்களும் கத்தியிருக்கிறோம். அப்படிக் கத்திக் கத்தியே ஒரு நல்ல விளையாட்டுக்காரனை அணியை விட்டே போக வைத்திருக்கிறோம். இப்ப அவன் பின்னேரத்தில் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறான்.

பிடித்த ஆட்டக்காரன் ஆளுக்காள் மாறட்டும், சண்டையும் பிடிப்போம். ஆனால் அடுத்த டோர்னமெண்டுக்கு அணி போடும்போது அவனையும் கூப்பிடப் போகிறோம். அவன் வருவானா என்று தெரியாது.