அச்சேறாத தாள்கள்

பேராசிரியர்களின் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் பல்கலைக்கழகங்கள் சேர்த்துவைப்பது வீண் என்று ஓர் இதழ் அண்மையில் எழுதியிருந்தது. சிந்தனையாளர் என்றால் கோட்பாடு தந்திருக்க வேண்டுமாம், கோட்பாடு நூலில் இருக்குமாம், மிச்சமெல்லாம் குப்பையாம். அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டவை சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள எவரெட் ஹியூஸின் தாள்கள். கோட்பாட்டு நூல் எழுதாத மனிதருக்கு ஆவணக்காப்பகம் எதற்கு என்பது கேள்வி. இதை விட்டுவிட முடியாது.

ஹியூஸ் (1897–1983) 1938 முதல் 1961 வரை சிகாகோவில் சமூகவியல் கற்பித்தவர். அன்று அமெரிக்கச் சமூகவியலின் உச்சியில் இருந்தவர் பார்சன்ஸ். மருத்துவமும் சட்டமும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெருமைகளையே அவரது சிந்தனைப் பள்ளி ‘உயர்தொழில்’ (profession) என்பதன் இலக்கணமாக வகுத்தது. ஹியூஸ் அங்கேதான் விலகினார். ஒரு வேலை உயர்தொழிலா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. அதைச் செய்பவர்கள் எப்போது, எதற்காக அதை உயர்தொழில் ஆக்கப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். அவரது முனைவர் பட்ட ஆய்வே சிகாகோ வீட்டுமனைத் தரகர் சங்கத்தைப் பற்றியது. அவரிடம் பயின்ற ஒருவர் அடுக்குமாடிகளில் கொதிகலன் எரித்துக் குப்பை அள்ளியவர்களை ஆராய்ந்தார்; இன்னொருவர் ஜாஸ் இசைஞர்களை. மருத்துவரைப் புரிந்துகொள்ளக் குப்பை அள்ளுபவரையும் பார்க்க வேண்டும் என்பது ஹியூஸின் முறை. கோட்பாடு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி அந்தக் ‘குப்பை’க்கு வருவோம். 1948இல் ஜெர்மனியில் நெடுநாள் தங்கித் திரும்பிய ஹியூஸ், மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். வதைமுகாம்களை நடத்திய கொடியவர்களைவிட, அந்த அழுக்கு வேலையை அவர்களிடம் விட்டுவிட்டு அறியாதவர்போல் வாழ்ந்த நல்லவர்களைப் பற்றியது அது. அவர் எழுதியவற்றில் மிகக் கூர்மையானது இதுவே. 1962 வரை அது அச்சேறவில்லை. அந்த ஆண்டுகளில் அதுவும் வெறும் தாள்தான். நூலாக வந்தது மட்டுமே சிந்தனை என்றால், 1961இல் அவரை எடைபோட்டவருக்கு இந்த உரை இல்லாத ஒன்று.

அச்சேறாதது தாள் மட்டுமல்ல, வகுப்பறைப் பேச்சும்தான். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் பெயர் தமிழில் ஓயாமல் ஒலித்த நாட்களில், சமூகவியலாளர் காஃப்மன் மனநல விடுதிகளைப் பற்றி எழுதிய நூலை ஜெராக்ஸ் பிரதியாகக் கைமாற்றிப் படித்தவர்கள் நாங்கள். அந்நூலின் மையமான, உள்ளிருப்போரின் முழு வாழ்வையும் ஆளும் ‘முழுமை நிறுவனம்’ என்ற கருத்தைக் காஃப்மன் ஹியூஸின் வகுப்பில் கேட்டார் என்று சமூகவியல் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். வகுப்பறைப் பேச்சுக்கு நூலில் ஏது இடம்? அது பாடக்குறிப்பில் தங்கும், கடிதத்தில் தங்கும்.

ஹியூஸின் மனைவி ஹெலனும் அதே துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்கச் சமூகவியலின் முதன்மை ஆய்விதழில் 17 ஆண்டுகள் பிழை திருத்தி, பிரதிகளைச் செப்பனிட்டவர். பேராசிரியர்களின் மனைவியர் பல்கலைக்கழகத்தில் செய்த இத்தகைய உழைப்பைப் பற்றி 1973இல் அவரே எழுதினார். நூலட்டைகளை மட்டும் நம்பும் அறிவுலக வரலாறு இப்படிப்பட்டவர்களை அழித்துவிடும்.

இந்த அழிப்பில் நமக்கும் பங்குண்டு. அமைப்பியலுக்காகவும் இருத்தலியலுக்காகவும் சண்டையிட்ட தமிழ்ச் சிற்றிதழ்கள், தம் பக்கங்களை ஒவ்வோர் எழுத்தாகக் கோத்த அச்சுக்கோப்பாளர்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. அவர்கள் எப்படி வேலை கற்றார்கள், எந்தப் பிழைக்கு யார் பொறுப்பேற்றார்கள், ஆசிரியரின் கையெழுத்தை எப்படிச் சகித்தார்கள்? ஹியூஸ் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் இவை. கேட்காத குற்றம் கோட்பாட்டு மோகத்தினுடையது.

இதற்கு மாறாக, கோட்டையூரைச் சேர்ந்த விளம்பரப் பலகை ஓவியர் ரோஜா முத்தையா, நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரத்தை வாங்கி, அது சென்னையில் நூலகமாக நிலைக்க வழிசெய்தது ஹியூஸின் தாள்களைக் காக்கும் அதே சிகாகோ பல்கலைக்கழகம். எது குப்பை என்று தீர்ப்புச் சொல்லும் அவசரம் முத்தையாவுக்கு இருந்திருந்தால் தமிழ் ஆய்வு இன்று ஏழையாக நின்றிருக்கும்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் ஓர் ஆசிரியரின், அச்சகத்தாரின், செவிலியரின் கடிதக் கட்டோ குறிப்பேடோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். யார் எழுதியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று மேலே குறித்துவையுங்கள். பிறகு ஒரு நூலகத்திடம் ஒப்படையுங்கள்.