கேள்வி கேட்கக் கட்டணம்

'கோச்சிங்' என்ற சொல்லைக் கேட்டதும் இந்தியப் பெற்றோருக்கு ராஜஸ்தானின் கோட்டா நகரம்தான் நினைவுக்கு வரும். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு, விடுதி அறை, தரவரிசைப் பட்டியல். ஆனால் அந்தப் பரீட்சைகளை எல்லாம் எப்போதோ தாண்டி, வேலையில் அமர்ந்து, வீட்டுக் கடனில் பாதியை அடைத்தும் விட்டவர்கள் இப்போது மறுபடி கோச்சிங்குக்குப் போகிறார்கள். இந்த முறை கரும்பலகை இல்லை, பாடத்திட்டம் இல்லை. எதிரே ஒருவர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்கிறார். அதற்குக் கட்டணம்.

பெங்களூரிலும் புணேயிலும் குர்காவ்னிலும் இவர்களிடம் போகிறவர்கள் யார்? பதினைந்து வருடம் ஒரு வேலையைப் பிரமாதமாகச் செய்ததற்குப் பரிசாக, அந்த வேலையைத் தொடவிடாமல் நாற்பது பேரைக் கட்டி மேய்க்கும் பதவிக்கு உயர்த்தப்பட்ட என்ஜினியர். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது தன் பொறுப்புகள் எல்லாம் பக்கத்து மேஜைக்குப் போயிருப்பதைக் கண்ட பெண் அதிகாரி. தன்னைவிடப் பத்து வயது இளையவரை 'பாஸ்' என்று ஏற்க வேண்டிய ஐம்பது வயதுக்காரர். மேலதிகாரியிடம் மனம் திறந்தால் பலவீனம். கீழே இருப்பவரிடம் சொன்னால் மதிப்பு போய்விடும். வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள். காசு வாங்கிக்கொண்டு கேட்கும் அந்நியர் இந்த இடத்தில்தான் வசதியாகப் போகிறார்.

இந்தத் தொழிலின் பூர்வீகம் அலுவலகம் அல்ல, டென்னிஸ் மைதானம். கலிஃபோர்னியாவில் டென்னிஸ் கற்றுக்கொடுத்த டிமோதி கால்வே 1974-இல் 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஆட்டக்காரர் எதிராளியிடம் மட்டும் தோற்பதில்லை, தனக்குத்தானே ஓயாமல் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும் மனத்திடமும் தோற்கிறார் என்பது அவர் வாதம். திருத்துவதைக் குறைத்துவிட்டு, பந்து எப்படி வருகிறது என்று கவனிக்க மட்டும் சொன்னால் ஆட்டம் தானாகவே தேறுகிறது என்றார். கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் இந்த முறையை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். ஒரு சமயம் டென்னிஸ் பயிற்சியாளர்கள் போதாமல், அந்த ஆட்டமே தெரியாத பனிச்சறுக்குப் பயிற்சியாளர்களை மட்டையும் கையுமாக இறக்கிவிட்ட கதையை அவர் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் நன்றாகவே தேறினார்களாம். ஆட்டம் தெரியாதவரால் குறை சொல்ல முடியாது, கேள்விதான் கேட்க முடியும்! 1992-இல் வெளியான அவருடைய 'கோச்சிங் ஃபார் பெர்ஃபார்மன்ஸ்' கம்பெனி நிர்வாகிகளிடம் பிரபலமானது. இலக்கு என்ன, இப்போதைய நிலைமை என்ன, என்னென்ன வழிகள், எதைச் செய்யப் போகிறீர்கள் என்ற நான்கு படிக் கேள்வி வரிசை இன்று நட்சத்திர ஹோட்டல்களின் கருத்தரங்கு அறைகளில் மந்திரம்போல ஓதப்படுகிறது.

1995-இல் அமெரிக்காவில் தாமஸ் லியனார்ட் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பு (இப்போதைய பெயர் இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) போட்ட கணக்கின்படி, உலகில் 2019-இல் 71,000 ஆக இருந்த இத்தகைய பயிற்சியாளர்கள் 2022-இல் 1,09,200 ஆகிவிட்டார்கள். ஆண்டு வருமானம் 456 கோடி டாலர். தொழில்காரர்களின் சொந்தக் கணக்குதான். ஆனாலும் நடுவில் ஒரு கொள்ளைநோய் வந்துபோனதை நினைத்தால் வளர்ச்சி அசாதாரணமானது.

இதில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு அதுல் கவாண்டேயின் அனுபவம் ஒரு பதில். இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற டாக்டர் தம்பதியின் மகன், பாஸ்டனில் அறுவை சிகிச்சை நிபுணர். எட்டு வருட அனுபவத்துக்குப் பிறகு தன் திறமை ஒரே இடத்தில் நின்றுவிட்டதாக அவருக்குப் பட்டது. பயிற்சிக் காலத்தில் தனக்குக் கற்பித்த, ஓய்வு பெற்ற சர்ஜன் ராபர்ட் ஆஸ்டீனை அழைத்து, ஆபரேஷன் தியேட்டரில் ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார். ஒரு தைராய்டு ஆபரேஷன். எல்லாம் கச்சிதமாக முடிந்ததாகவே கவாண்டே நினைத்தார். ஆஸ்டீனின் குறிப்பேட்டிலோ எழுத்து நெருங்கிக் கிடந்தது. நோயாளி மீது துணி விரித்த விதம் கவாண்டேக்கு வசதி, எதிரே நின்ற உதவியாளருக்கு இடைஞ்சல். முழங்கை அவ்வப்போது தோள் மட்டத்துக்கு உயர்ந்தது. விளக்கு வெளிச்சம் காயத்தைவிட்டு விலகிப்போய்ச் சுமார் அரை மணி நேரம் அப்படியே இருந்தது. உள்ளே வேலை செய்தவருக்குத் தெரியவில்லை, ஓரத்தில் நின்றவருக்குத் தெரிந்தது. 2011-இல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் கவாண்டே எழுதிய கட்டுரையில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்நியர் ஒருவர் நிற்பதைப் பார்த்து யார் என்று விசாரித்த ஒரு நோயாளியிடம், கோச் மாதிரி என்று விளக்கினாராம். நோயாளிக்கு அதனால் தைரியம் வந்ததாகத் தெரியவில்லை.

கவனிக்க வேண்டியது, ஆஸ்டீன் பனிச்சறுக்கு ஆசாமி அல்ல. அதே கத்தியைப் பிடித்து வாழ்ந்தவர். விட்மோரின் கதையைச் சொல்லி 'எனக்கு உங்கள் துறை தெரியவேண்டியதில்லை' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் வேறொரு சிக்கலும் உண்டு. இங்கே கட்டணம் கொடுப்பவர் எதிர்பார்ப்பது புத்திமதி. "நான் என்ன செய்யட்டும் சார்?" என்று கேட்டால், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று பதில் கேள்வி வருகிறது. அது தெரிந்தால் இங்கே ஏன் வரப்போகிறேன் என்று முதல் நாளே எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். புத்திமதிக்கு இந்த நாட்டில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் பாஸ் செய்த சர்டிஃபிகேட்டுடன் பம்பாய்க்கும் டெல்லிக்கும் ரயிலேறிய தமிழ் இளைஞர்களுக்கு மாட்டுங்கா மெஸ்ஸிலோ கரோல்பாக் அறையிலோ ஊர்க்கார அண்ணா ஒருவர் கிடைப்பார். எந்த கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்த அதிகாரியிடம் வாய் கொடுக்கக்கூடாது, எப்போது வேலையை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் இலவசம். ஆனால் அண்ணாவிடம் சொன்னது அடுத்த தபாலில் ஊருக்குப் போய்விடும். அவர் சொன்னபடி கேட்காவிட்டால் கோபமும் வரும். கட்டணம் வாங்குகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார், ஊருக்கும் எழுத மாட்டார்.

எழுத மாட்டார் என்பது, சொந்தப் பணத்தில் போகிறவர்களுக்குத்தான். கம்பெனி ஏற்பாடு செய்த கோச் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கேட்பவர் ஊழியர், பணம் கொடுப்பது நிர்வாகம். அறைக்குள் சொன்னதில் எவ்வளவு மனிதவளத் துறைக்குப் போகும்? ரகசியத்தின் எல்லையை முதல் சந்திப்பிலேயே இரு தரப்புக்கும் விளக்கிவிட வேண்டும் என்று கூட்டமைப்பின் நெறிமுறை சொல்கிறது. கூட்டமைப்பில் சேராதவர்களை அது கட்டுப்படுத்தாது. 'உங்கள் வளர்ச்சிக்காக' என்று கோச்சிடம் அனுப்பப்படுவது சில இடங்களில் கதவைக் காட்டுவதற்கு முந்தைய சடங்காகவும் இருக்கிறது.

யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் பெரிய கவலை. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். 'லைஃப் கோச்'சுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. கூட்டமைப்பின் ஆரம்பச் சான்றிதழுக்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் தேவை, உயர்ந்த சான்றிதழுக்கு 2,500 மணி நேர அனுபவம். இரண்டு நாள் வகுப்பை முடித்துவிட்டு இன்ஸ்டாகிராமில் கடை விரிப்பவர்களும் தங்களை அதே பெயரில்தான் அழைத்துக்கொள்கிறார்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாழ்வே வேண்டாம் என்ற நிலையில் ஒருவர் வந்து நின்றால், இது டாக்டரிடம் அனுப்ப வேண்டிய கேஸ் என்று இவர்களுக்குத் தெரியுமா? 'நேர்மறையாக நினையுங்கள்' என்று சொல்லி அனுப்பினால் விபரீதம்தான்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் மையங்களின் பொய் விளம்பரங்களுக்கு எதிராக விதிமுறைகளை வெளியிட்டது. ஆனால் அது கோட்டா வகைக் கோச்சிங்குக்கானது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உள்ள மையங்களைத்தான் அது குறிவைக்கிறது. ஒரே ஒருவரை உட்காரவைத்து ஒரே ஒருவர் கேள்வி கேட்கும் அறை அந்த வலைக்குள் வரவில்லை.

இதற்கிடையில் இந்தத் தொழிலிலேயே ஒரு விசித்திரமான ஆசாமியும் உண்டு. அமெரிக்காவில் பெரிய கம்பெனித் தலைவர்களுக்குக் கோச்சாக இருந்து புகழ்பெற்ற மார்ஷல் கோல்ட்ஸ்மித், மாற்றம் தெரியாவிட்டால் கட்டணம் வாங்குவதில்லை என்று ஒப்பந்தம் போடுபவர். மாற்றம் வந்ததா என்று தீர்ப்புச் சொல்வது அவரும் அல்ல, பயிற்சி பெற்றவரும் அல்ல. கூட வேலை செய்கிறவர்கள். இந்திய கோச்சுகள் அவருடைய புத்தகங்களைத் தாராளமாக மேற்கோள் காட்டுகிறார்கள். கட்டண முறையைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.