நியூட்டன் விதியும் மந்திரமா?

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, நியூட்டனின் முதல் விதி என்னவென்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் ஒப்பிக்கும். சரி, உருட்டிவிட்ட பந்து ஏன் நின்றுபோகிறது என்று கேளுங்கள். "தள்ளின விசை தீர்ந்துபோச்சு" என்று சொல்லும். இது நியூட்டன் சொன்னதற்கு நேர் விரோதம் என்பது பிள்ளைக்கும் தெரியாது. முழு மார்க்கு போட்டவருக்கும் கவலையில்லை. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதற்கு மந்திரம் என்று பெயரே ஒழிய, விஞ்ஞானம் என்று பெயராகுமா?

பிள்ளையின் பேரில் குற்றமில்லை. மாட்டை அவிழ்த்தால் வண்டி நிற்கிறது; ஆகவே இழுக்கிற வரையில்தான் ஓட்டம் என்று தோன்றுவது சகஜமே. கிரேக்க தேசத்துப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலே அப்படித்தான் எண்ணினார். கனத்த பொருள் வேகமாயும் இலேசானது மெதுவாயும் விழும் என்றும் சொன்னார். சொன்னவர் பெரியவர் என்பதற்காகவே ஐரோப்பாவில் பல நூற்றாண்டுக் காலம் அதையே பாடமாய் வைத்திருந்தார்கள். அங்கொருவர் இங்கொருவர் ஆட்சேபித்தும் பலிக்கவில்லை. கலிலியோ சாய்ந்த பலகையில் குண்டை உருட்டி, அளந்து பார்த்து, 1638-ல் புத்தகமாய் வெளியிட்ட பிறகுதான் அந்தக் கட்டடம் ஆட்டங்கண்டது. 1687-ல் நியூட்டன் அதைத் திட்டமான விதியாக்கினார்: தள்ளவோ தடுக்கவோ ஒன்றுமில்லாவிட்டால், ஓடுகிற பொருள் ஒரே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டேயிருக்கும், அந்த ஓட்டத்தை மாற்றுவதுதான் விசை.

"பெரியவர் சொன்னார்" என்பதை உடைத்துப் பிறந்த இந்த விதியையே, "நியூட்டன் சொன்னார், எழுதிக்கொள்" என்று கற்பிப்பது எவ்வளவு வேடிக்கை! அரிஸ்டாட்டில் இருந்த பீடத்தில் நியூட்டனை உட்கார வைத்ததைத் தவிர வேறென்ன செய்தோம்?

சாமான் இல்லை, பணமில்லை என்று உபாத்தியாயர்கள் சாக்குச் சொல்ல வேண்டாம். ஒரே சாய்ந்த பலகையிலிருந்து ஒரே பந்தை மணலிலும், மண் தரையிலும், சிமெண்டுத் தரையிலும் உருள விடட்டும். பிள்ளைகள் அளந்து பார்க்கட்டும். தரை வழவழப்பாக ஆக ஓட்டம் நீளுவதைக் கண்டால், பந்து நின்றது விசை தீர்ந்ததால் அல்ல, உராய்வு முதலிய தடையால்தான் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரு புத்தகத்தையும், அதைவிடச் சிறிய காகிதத்தையும் தனித்தனியே கீழே விடட்டும். பிறகு காகிதத்தைப் புத்தகத்தின்மேல் வைத்து விடட்டும். இரண்டும் சேர்ந்தே விழும். முன்பு காகிதத்தைத் தாமதப்படுத்தியது காற்று என்பது அப்போது விளங்கும். காற்றில்லாத சந்திரனில் 1971-ல் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் ஒரே சமயத்தில் விட்டபோது, இரண்டும் ஒருமிக்கத் தரையைத் தொட்டன.

தோழர்களே! உங்கள் பிள்ளை வீடு திரும்பியதும் எத்தனை மார்க்கு என்று கேளாதீர்கள். இன்று எதைச் செய்து பார்த்தாய் என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால், உபாத்தியாயரிடம் போய்க் காரணம் கேளுங்கள். பந்து ஏன் நின்றது என்று கேட்கத் தெரியாத பிள்ளை, நாளைக்கு எவன் எதைச் சொன்னாலும் தலையாட்டும்.