உமி நீங்கிய தானியம்

ரமளான் நெருங்குகையில் நம் இல்லங்களில் அரிசி மூட்டையாக வந்து இறங்குகிறது. பருப்பும் பயறும் பத்துக் கிலோவாக வருகின்றன. மொத்தமாக வாங்கினால் விலை சற்றுக் குறையும் என்பது உண்மையே. இரண்டு மாதம் கழித்து அதில் ஒரு பங்கை வண்டுக்கு இரையாக்கினால், அந்த ஆதாயம் யாருக்கு?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையைப் பாருங்கள். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தார் அல்லர், மலைவாழ்வோர் என்பதே பெயரின் பொருள்) சாமையை உமியோடுதான் சேமிப்பர், வேண்டும்போது வேண்டிய அளவே குத்திக்கொள்வர். உமி, இறைவன் தானியத்திற்கு அணிவித்த கவசம். எகிப்து மன்னரின் கனவுக்கு விளக்கம் சொன்ன யூசுஃப் (அலை) அவர்கள், உண்பதற்குரிய சிறிதளவு நீங்கலாக, விளைச்சலைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொன்னதை நாம் ஓதியிருக்கிறோம். ஓதுகையில் நம் சமையலறையை எத்தனை பேர் நினைத்தோமோ!

நமக்குக் கடையில் கிடைப்பதோ கவசம் களைந்த தானியம். உமி நீக்கிய சாமை அரிசியில் தவிட்டின் எண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டு, சிக்குவாடை வீசும். ஆகவே, சிறுதானிய அரிசியை ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள்.

பயறு வண்டு நம் டப்பாவில் பிறப்பதில்லை. வயலிலேயே காயின் மீது முட்டையிடுகிறது. புழு பயற்றுக்குள் புகுந்து, நம் வீட்டில் வண்டாக வெளிவருகிறது. ஊர்ப்பெயரிலேயே உளுந்தைக் கொண்ட உளுந்தூர்ப்பேட்டை நம் மாவட்டத்தில் இருப்பதால், முழு உளுந்தை மலிவாகக் கண்டு அள்ளிவரும் சகோதரிகள் இதை அறிதல் நன்று. உடைத்த பருப்பை இவ்வண்டு அவ்வளவாக நாடுவதில்லை. முழுப் பயறுகளை வாங்கியதும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு முற்றிலும் ஆறியபின் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ பிசிறி வைத்தால், முட்டைக்குக் காற்றுப் புகாது. அரிசியை மட்டும் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வெடித்து நொறுங்கிவிடும்.

வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் ஆகியவை பூச்சியை ஓரளவு விரட்டும். மணிக்குள் இருக்கும் புழுவைக் கொல்லா. பச்சை வேப்பிலையைப் போடுவதோ ஈரத்தை நாமே சேர்ப்பதாகும். பழைய அரிசியின் மீது புதியதைக் கொட்டுவதும் கூடாது. பாத்திரத்தைக் கழுவி, உலர்த்தி, விளிம்புவரை நிரப்பி, இறுக மூடுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மீது, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

அரிசியில் போரிக் பவுடர் கலக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது உண்ணத் தக்க பொருளன்று. குழந்தைகளுக்கு மிகவும் கேடு. அதனினும் கொடியது, கிடங்குகளில் பயன்படுத்தும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சுவாயு கிளம்புகிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. பயிற்சி பெற்றோர் மட்டுமே கையாள வேண்டிய அதனை, நாம் உறங்கும் அறையின் மூட்டைக்குள் வைப்பதா? முன்பே யாரேனும் வாங்கி வைத்திருந்தால் திறக்காதீர்கள், நீரில் போடாதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, அப்புறப்படுத்தும் முறையை வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். மூட்டையருகே பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வந்தால், உடனே அனைவரும் வெளியேறி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.