கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா? காதைத் தீட்டிக்கிட்டுப் போங்க!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடை. வெளியே ஆட்டோ ஹாரன், உள்ளே ஏசி இரைச்சல், பக்கத்தில் யாரோ பேரம் பேசும் சத்தம். அந்தச் சந்தடியில் ஆன் செய்து காட்டினால் எந்த கம்ப்யூட்டரும் பரம சாதுவாகத்தான் இருக்கும். 'சத்தமே இல்லையே!' என்று சந்தோஷமாக வாங்கி வந்துவிடுவோம்.

இரவு பத்து மணிக்கு, பாட்டி படுத்திருக்கும் ஹாலில் பேரன் அதே கம்ப்யூட்டரில் ப்ராஜெக்ட் செய்ய உட்காரும்போதுதான் குட்டு வெளிப்படும். 'உய்ய்ய்...' என்று ஓயாத இரைச்சல். ''டேய், அதை அணைச்சுட்டுப் படுடா'' என்பார் பாட்டி. பேரனுக்கோ காலையில் ப்ராஜெக்ட் கொடுத்தாக வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய பிறகு யாரைக் குறை சொல்வது?

ராம் எவ்வளவு, பிராசஸர் என்ன என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். சத்தத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஹாலே படுக்கையறையாகவும் இருக்கும் வீடுகளில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஃபேன்களிலிருந்து. பிராசஸர் மேல் ஒன்று, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒன்று, கேபினட்டில் ஒன்றிரண்டு, கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதிலும் உண்டு. சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் போதிய காற்றைத் தள்ளும். பெரிய ஃபேன் நிதானமாகச் சுற்றியே அதைச் செய்துவிடும். அதனால் 80 மி.மீ. ஃபேனைவிட 120 மி.மீ. ஃபேன் இருக்கும் கேபினட் நல்லது. ஹார்ட் டிஸ்க்கும் சுற்றும், கரகரக்கும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது.

அட்டைப்பெட்டியில் டெசிபல் கணக்கு போட்டிருப்பார்களே? அதைக் கவனமாகப் படியுங்கள். 25-க்கும் 35-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். 10 டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. பெட்டியில் இருப்பது ஒரே ஒரு ஃபேனின் கணக்கா, முழு கம்ப்யூட்டரின் கணக்கா, எவ்வளவு தூரத்தில் அளந்தது என்பதையும் கேளுங்கள். தூரம் கூடினால் எண் தானாகவே குறையும்.

இனி, கடையில் செய்ய வேண்டியவை:

* கூட்டம் சேரும் முன், கடை திறந்ததும் போங்கள். ஒரு நிமிடம் ஏசியையும் ஃபேனையும் நிறுத்தச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம்.

* சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் அமைதியாகத்தான் இருக்கும். பெரிய கேம் ஒன்றைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். சூடானதும் ஃபேன் வேகம் எடுக்கும். அப்போது கேளுங்கள்.

* கேபினட்டில் காதை வைக்காதீர்கள். வீட்டில் எவ்வளவு தள்ளி உட்காருவீர்களோ அங்கே நின்று கேளுங்கள்.

* ஒரே சீரான 'ஸ்ஸ்' பழகிவிடும். 'கீச்' சத்தம், 'கடகட' அதிர்வு, ஏறி ஏறி இறங்கும் இரைச்சல் பழகாது. அவை இருந்தால் வேறு மாடல் பாருங்கள்.

* செல்போனில் சத்தம் அளக்கும் ஆப்கள் மெல்லிய சத்தத்தைத் துல்லியமாகச் சொல்லாது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் வைத்து இரண்டு கம்ப்யூட்டர்களை ஒப்பிட உதவும்.

மார்கழியில் வாங்கினால் இன்னொரு விஷயம் மனதில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் அறையே கொதிக்கும்போது அதே ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும், சத்தமும் கூடும். சூட்டுக்கு ஏற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் '4 பின்' ஃபேனாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆன்லைனில் வாங்குகிறீர்களா? திருப்பித் தரும் வசதி உண்டா என்று பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். வந்த அன்று இரவே, டி.வி.யை அணைத்துவிட்டு ஓட விட்டுப் பாருங்கள். பாட்டி புரண்டு படுக்காமல் தூங்கினால், பெட்டியைக் கிழித்துப் போடலாம்!