நிலம் தாங்கும் பாதை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் கூடும் இடத்தைச் சூழ்ந்த செம்பாறை நாட்டுக்கு ஆண்டுதோறும் வண்டியோட்டிகள் திரள்கின்றனர். மோவாப் என்னும் சிற்றூரே அவர்களுக்கு வாயில். 1967 முதல் ஈஸ்டர் காலத்தில் அங்கு ஜீப் பயணம் ஒரு விழாவாகவே நடந்து வருகிறது. வருவோர் முதலில் கேட்பவை இரண்டு: எந்தப் பாதையில் காட்சி மிகுதி? எந்தப் பாதை கடினமானது? அடிப்பகுதி எவ்வளவு உயர்ந்த வண்டி வேண்டும், சரிவு எத்தனை செங்குத்து, ஓட்டுபவருக்கு எவ்வளவு பழக்கம் வேண்டும் என்றெல்லாம் தரம் பிரித்துச் சொல்லும் வழிகாட்டி நூல்கள் ஏராளமாக உள்ளன. இந்தச் சக்கரங்களை அந்த மண் தாங்குமா என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. அதை முதற்கேள்வியாக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

பாலை என்றால் உயிரற்ற வெறுநிலம் என்று எண்ணிவிடுகிறோம். அந்நாட்டில் பாறைகளுக்கிடையே கிடக்கும் மணற்பரப்பைக் குனிந்து பார்த்தால், கருமை படர்ந்த சிறுசிறு மேடுகளாக மண் புடைத்திருப்பது தெரியும். அது உயிருள்ள மேலோடு. நீலப்பச்சைப் பாசியும் மரப்பாசியும் பாறைப்பாசியும் கூடி அதைக் கட்டுகின்றன. மழைத்துளி பட்டதும் பாசி இழைகள் விழித்து மணலூடே நகர்கின்றன. நகர்ந்த வழியெல்லாம் பசையான உறையை விட்டுச் செல்கின்றன. அந்த உறைகளே மணற்பருக்கைகளை ஒன்றோடொன்று பிணைத்து, காற்றும் நீரும் மண்ணை அள்ளிச் செல்லாமல் காக்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை நிலத்துக்கு உரமாக்குவதும் அவையே. ஒரு வண்டி வழிவிலகி ஒருமுறை அதன்மேல் ஏறி இறங்கினால் போதும், மேலோடு பொடியாகிவிடும். இழைகள் சில ஆண்டுகளில் மீளலாம். அவற்றோடு வாழ்ந்த பாசிவகைகள் மீளப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பாறையின் மேல் ஓட்டினால் தீங்கில்லை என்பாரும் உளர். வழுவழுப்பான மணற்பாறை சக்கரத்தைத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அப்பாறையின் குழிகளில் மழைநீர் தேங்கும்போது, சின்னஞ்சிறு இறால் இனங்கள் முட்டையிலிருந்து வெளிப்பட்டு, நீர் வற்றுமுன் வளர்ந்து, முட்டையிட்டு மடிகின்றன. வறண்ட குழியின் அடிமண்ணில் அம்முட்டைகள் ஆண்டுக்கணக்கில் அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும். வெறும் புழுதிக்குழி என்று கருதி ஒருவர் சக்கரத்தை இறக்கும் இடம் ஒரு தலைமுறையின் கருவறை.

தீங்கு அங்கேயே நின்றுவிடுவதுமில்லை. மேய்ச்சலாலும் வண்டிகளாலும் பிற இடையூறுகளாலும் மேலோடு குலைந்த நிலங்களிலிருந்து எழும் செம்புழுதி, காற்றோடு கிழக்கே சென்று ராக்கி மலைப் பனியின்மீது படிகிறது. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். புழுதி படிந்த பனி வெயிலை உள்வாங்கும். ஆகவே பனி உரிய காலத்துக்கு முன்பே உருகி ஓடிவிடுகிறது. அப்பனியை நம்பியிருக்கும் கொலராடோ ஆறு ஏறத்தாழ 4 கோடி மக்களுக்கு நீர் தருகிறது. மோவாபுக்கு அருகே ஒருவர் விளையாட்டாகக் கிளப்பும் புழுதியை அவருடைய சொந்த விவகாரம் என்று ஒதுக்கிவிட இயலாது.

அப்படியானால் எங்கே ஓட்டுவது? முன்பே புண்பட்டு, இன்று பேணப்படும் பாதைகளில் ஓட்டலாம் என்பதே நமது விடை. கேனியன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஒயிட் ரிம் பாதை இதற்குச் சிறந்த சான்று. மேட்டுநிலத்துக்கும் ஆற்றுப்பள்ளத்துக்கும் இடையே, வெண்மணற்பாறைத் திட்டின்மேல் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் சுற்றிவரும் பாதை அது. 1952-இல் மோவாபுக்குத் தெற்கே சார்லி ஸ்டீன் என்பவர் யுரேனியப் படிவத்தைக் கண்டெடுத்தபின், அணுகுண்டுக்கான கனிமத்தைத் தேடி அப்பகுதியெங்கும் வேட்டை மூண்டது. அமெரிக்க அணுசக்தி ஆணையம் பாறையைக் குடைந்து வழிகளை வெட்டியது. இன்றைய பூங்காவின் எல்லைக்குள் குறிப்பிடத்தக்க யுரேனியம் கிடைக்கவில்லை, வழிகள் எஞ்சின. ஆடுமாடுகளை ஓட்டிச் சென்ற ஷேஃபர் தடமும் அக்காலத்தில்தான் கனிம வண்டிகளுக்காக அகலப்படுத்தப்பட்டது.

1964-இல் பூங்கா அமைந்தபோது ஒயிட் ரிம்மில் அரசு புதுப்பாதை வெட்டவில்லை. இருந்த தழும்பையே மக்களுக்குப் பாதையாக்கியது. இன்று ஒயிட் ரிம்மில் செல்ல அனுமதிச்சீட்டு வேண்டும். இரவு தங்க, குறித்த இடங்களை முன்பதிவு செய்ய வேண்டும். நான்கு சக்கரமும் இயங்கும், அடிப்பகுதி உயர்ந்த வண்டி வேண்டும். குடிநீர் வழியில் கிடையாது. இந்தக் கட்டுப்பாடுகளைச் சுமையென்று குறைகூறுவோர், அவற்றாலேயே அங்கு அமைதி நிலைத்திருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. திறந்துவிட்ட வழியைப் பேணுவதும் அரசின் கடமை என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

எல்லாப் பழந்தடத்துக்கும் இந்த நியாயம் பொருந்தாது. அதே பூங்காவின் நீடில்ஸ் பகுதியில் சால்ட் கிரீக் என்னும் ஓடை உண்டு. பெரிய ஆறுகள் இரண்டையும் விட்டால், அப்பாலை நிலத்தில் நீர் நின்றோடும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் அது ஒன்று. ஏஞ்சல் ஆர்ச் என்னும் புகழ்பெற்ற பாறை வளைவைக் காணச் சென்ற ஜீப்புகள் பல்லாண்டுகளாக அந்த ஓடையிலேயே இறங்கி, குறுக்கும் நெடுக்கும் ஓடின. காட்சிக்காகச் சென்றவர்கள் காட்சியின் உயிரையே மிதித்தனர். வண்டிகளைத் தடுத்தபோது மாநிலமும் கவுண்டி என்னும் உள்ளூர் நிர்வாகமும் 1866-ஆம் ஆண்டின் பழஞ்சட்டம் ஒன்றைத் துணைக்கழைத்து வழியுரிமை கோரின. 1976-இலேயே நீக்கப்பட்ட சட்டம் அது. எனினும் அதற்குமுன் நிலைபெற்ற உரிமைகள் தொடரும் என்பது அவர்கள் வாதம். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஓடை தப்பியது.

பூங்காவுக்கு வெளியே போராட்டம் ஓயவில்லை. லாபிரிந்த் பள்ளத்தாக்கும் ஜெமினி பிரிட்ஜஸும் அடங்கிய பொதுநிலத்தில், 2023 செப்டம்பரில் நில மேலாண்மைத் துறை ஏறத்தாழ 510 கிலோமீட்டர் பாதைகளை வண்டிகளுக்கு மூடியது. 1,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதைகள் திறந்தே விடப்பட்டன. ஆயினும் எதிர்ப்பு வலுத்தது, வழக்குகள் எழுந்தன. எதிர்ப்போர் சொல்வதில் ஒன்றை மதித்துக் கேட்கவேண்டும். நடக்க இயலாத முதியோருக்கும் உடற்குறை உள்ளோருக்கும் அப்பள்ளத்தாக்குகளைக் காண வண்டியன்றி வேறு வழியில்லை என்கின்றனர். அது மெய். அவர்களுக்கு நல்ல பாதைகள் வேண்டும், நெடுந்தொலைவு வேண்டும். திறந்திருக்கும் பாதைகள் அதற்குப் போதுமானவை. ஒவ்வொரு மடுவுக்குள்ளும் ஒவ்வொரு கரைக்கும் வண்டி போயே தீரவேண்டும் என்று அவர்கள் பெயரால் கேட்பது முறையன்று. மேலும், பொதுநிலத்தில் வண்டிப்பாதை வகுக்கும்போது மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் விலங்குகளுக்கும் பிற பயனாளருக்கும் நேரும் தீங்கைக் குறைக்க வேண்டும் என்பது இன்று முளைத்த புதுக்கொள்கையன்று. 1972-இல் குடியரசுத் தலைவர் நிக்சன் பிறப்பித்த ஆணை. அதை நிறைவேற்றத் துணிந்த துறையைக் குற்றவாளியாக்குவது அநீதி.

வேறொருவர் வாழும் நிலத்துக்கு இன்னும் கடுமையான நெறி உண்டு. மானுமென்ட் பள்ளத்தாக்கு நவாஹோ பழங்குடி மக்களின் உடைமை. அங்கு அவர்கள் வகுத்த சுற்றுப்பாதையை விட்டு நவாஹோ வழிகாட்டியின்றி விலக எவருக்கும் உரிமையில்லை. கேனியன் டி ஷே பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் வண்டியோட்ட நவாஹோ வழிகாட்டி உடன்வர வேண்டும். அங்கே குடும்பங்கள் இன்றும் பயிரிட்டு வாழ்கின்றன.

நிலத்தின் இயல்பை மதியாதவரை நிலமும் விட்டுவிடுவதில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் நடந்து சென்ற 11 பேரைக் காட்டாற்று வெள்ளம் கொண்டுபோயிற்று. மழை பெய்தது பல கிலோமீட்டர் தொலைவில். கோடைப் பிற்பகுதியில் வறண்ட ஆற்றுப்படுகையைப் பாதையாகத் தேர்வோர், தலைக்குமேல் உள்ள வானத்தை மட்டுமன்றி ஆற்றின் மேற்பகுதி வானத்தையும் பார்த்தாக வேண்டும். மழைக்குப்பின் களிமண் தடத்தில் ஓட்டுவது வண்டிக்கும் கேடு, தடத்துக்கும் கேடு. உலரும்வரை காத்திருப்பதே முறை.

அரசிடம் நாம் வேண்டுவது இது. மூடிய தடங்களின் முகப்பில் பாறைகளை இட்டு அடைத்து, அடையாளப் பலகை நட்டு, மீறுவோருக்குத் தண்டம் விதிக்கக் காவலரைப் பெருக்க வேண்டும். தாளில் மட்டும் மூடிய பாதையில் வண்டிகள் நிற்பதில்லை. மோவாபில் ஜீப்பை வாடகைக்கு விடும் ஒவ்வொரு கடையும், சாவியைத் தருமுன் திறந்த பாதைகளின் நடப்பு வரைபடத்தைக் கையில் தந்து, அந்தக் கருமண் மேலோடு எதுவென்று காட்டி விளக்க வேண்டும் என்பதை உரிம விதியாகவே ஆக்கவேண்டும்.